விஞ்ஞானத்தைப் பற்றி நாம் கொண்டுள்ள எண்ணம்

முன்னுரை

நாம் வாழ்வது விஞ்ஞான யுகம் என்று பேச்சுப் போட்டி மேடையில் முழங்காத மாணவி இல்லை. ஆனால் மேடையை விட்டு இறங்கியதும், "விஞ்ஞானம் என்றால் என்ன?" என்று யாரேனும் கேட்டால் நம் விடைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. "நிரூபிக்கப்பட்ட உண்மைகளின் தொகுப்பு" என்பாள் ஒருத்தி. "இன்று ஒன்று சொல்வார்கள், நாளை அதையே மாற்றுவார்கள், அதுதான் விஞ்ஞானம்" என்பாள் மற்றொருத்தி.

இவ்விடைகள் தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண்ணோடு முடிந்துவிடுபவை அல்ல. தடுப்பூசி போடலாமா? அணுமின் நிலையம் வேண்டுமா? விலங்குகளின் மீது மருந்தைச் சோதிப்பது முறையா? இவை போன்ற சர்ச்சைகள் எழும்போது, நாம் எதை நம்புகிறோம், எதைத் தள்ளுகிறோம் என்பதில் அந்த எண்ணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. செய்தியை முழுதும் கேட்பதற்கு முன்பே அது நம் மனத்தை ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறது. இதை ஒரே ஒரு நோயின் வரலாற்றை வைத்து இக்கட்டுரையில் ஆராய்வோம். அந்நோய் ருபெல்லா. பெண்மக்களாகிய நம்மோடும், நாளை நம் மடியில் தவழப்போகும் குழந்தைகளோடும் நெருங்கிய தொடர்பு உடையதாதலால் அதைத் தேர்ந்துகொண்டோம்.

மூவகை எண்ணங்கள்

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் பெரி என்ற அறிஞர் கல்லூரி மாணவர்களை ஆண்டுதோறும் சந்தித்து உரையாடி, அறிவைப் பற்றிய அவர்களுடைய எண்ணம் எவ்வாறு வளர்கிறது என்று ஆராய்ந்தார். அவருடைய நூல் 1970-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் பல படிகளைக் கூறினார். அவற்றை நாம் மூன்றாகச் சுருக்கி, விஞ்ஞானத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

முதல் வகையினர், எந்தக் கேள்விக்கும் சரியான விடை ஒன்றுதான் உண்டு, அது பெரியவர்களிடமும் புத்தகத்திலும் இருக்கிறது, அதைப் பெற்று மனத்தில் இருத்துவதே படிப்பு என்று கருதுவர். இவர்களுக்கு விஞ்ஞானம் என்பது எழுதி முடித்து அட்டை போட்ட பாடநூல்.

இரண்டாம் வகையினர், பெரியவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருப்பதைக் கண்டு, "எல்லாம் அவரவர் கருத்துதான்; யார் சொல்வதும் யார் சொல்வதற்கும் தாழ்ந்ததன்று" என்ற முடிவுக்கு வருவர்.

மூன்றாம் வகையினர், கருத்துகள் பல இருக்கலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு சான்று இல்லை என்று உணர்வர். கிடைத்த சான்றுகளை எடைபோட்டு ஒரு முடிவை ஏற்று, அதன்படி நடப்பர். வலுவான புதிய சான்று வந்தால் மீண்டும் எண்ணிப் பார்க்கவும் அவர்கள் ஆயத்தமாக இருப்பர்.

முதல் வகையும் இரண்டாம் வகையும் பார்வைக்கு எதிரெதிர் துருவங்கள். உண்மையில் இரண்டுக்கும் இடையே ஓரடி தூரமே. விஞ்ஞானம் ஒருநாளும் மாறாது என்று நம்பியிருப்பவள், அது மாறுவதை ஒருமுறை கண்டுவிட்டால், "அப்படியானால் எல்லாமே பொய்" என்று மறுகரைக்குத் தாவிவிடுகிறாள். மிகையாக நம்பியதே மிகையான அவநம்பிக்கைக்கு வழி திறக்கிறது.

இரண்டு மருத்துவர்கள்

விஞ்ஞானம் உண்மையில் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இரு மருத்துவர்களின் வரலாறு காட்டும்.

நார்மன் கிரெக் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கண் மருத்துவர். பிறவியிலேயே கண்புரை உள்ள கைக்குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாகப் பலர் தம்மிடம் கொண்டுவரப்படுவதை 1941-ஆம் ஆண்டில் அவர் கவனித்தார். தாய்மாரின் வரலாறுகளைக் கேட்டறிந்தபோது, கருவுற்ற தொடக்க மாதங்களில் தங்களுக்கு ஜெர்மன் தட்டம்மை, அதாவது ருபெல்லா, வந்ததாகப் பலர் கூறினர். தாய்க்கு அது சில நாள் காய்ச்சலும் உடலில் சிவந்த தடிப்பும் மட்டுமே. அத்தகைய எளிய நோய் வயிற்றிலிருக்கும் குழந்தையின் கண்ணைப் பறிக்கும் என்று அதுவரை எவரும் எண்ணவில்லை. கிரெக் மற்ற மருத்துவர்களிடமும் விசாரித்து 78 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி, தம் நாட்டுக் கண் மருத்துவர்களின் கூட்டத்தில் படித்தார்.

உலகம் உடனே அதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. லண்டனில் வெளிவரும் புகழ்பெற்ற மருத்துவ இதழான லான்செட், அவர் தம் கூற்றை இன்னும் நிரூபிக்கவில்லை என்று 1944-ல் எழுதியது. ஐயத்தைத் தீர்க்க மேலும் சான்று தேவைப்பட்டது. அது எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவின் 1911-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், செவித்திறன் இழந்தோர் 10 முதல் 14 வயதினரிடையே மிகுதியாக இருந்தனர். 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதே மிகுதி 20 முதல் 24 வயதினரிடம் காணப்பட்டது. அதாவது, குறிப்பிட்ட சில ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளே ஒருசேரப் பாதிக்கப்பட்டிருந்தனர். ஆலிவர் லங்காஸ்டர் என்ற புள்ளியியல் அறிஞர் இந்த எண்களை ஆராய்ந்து, அவர்கள் பிறந்த காலத்தில், ஏறத்தாழ 1899-ஆம் ஆண்டையொட்டி, ருபெல்லா பரவியிருந்ததை 1951-ல் எடுத்துக்காட்டினார். கிரெக் கூறியதைக் கேட்டிராத அலுவலர்கள் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த எண்களே அவருக்குச் சாட்சி கூறின.

பின்னர் 1964-65 ஆண்டுகளில் அமெரிக்காவில் இந்நோய் பெருமளவில் பரவியபோது, சுமார் 20,000 குழந்தைகள் பிறவிக் குறைகளோடு பிறந்தனர். கண், செவி, இதயம் ஆகியவையே பெரிதும் தாக்குண்டன. 1969-ல் அங்கே ருபெல்லா தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்தது.

இனி இரண்டாம் மருத்துவரைக் காண்போம். இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் 1998-ல் அதே லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடப்படும் தடுப்பூசிக்கும், ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற அச்சத்தை அது கிளப்பியது. அவர்கள் ஆராய்ந்தது 12 குழந்தைகளை மட்டுமே. செய்தி தீயெனப் பரவியது. இங்கிலாந்தில் அத்தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் அளவு சில ஆண்டுகளில் நூற்றுக்கு 80 என்ற அளவுக்கு இறங்கியது.

இக்கூற்றையும் மற்ற விஞ்ஞானிகள் சோதித்தனர். டென்மார்க்கில் 1991 முதல் 1998 வரை பிறந்த 5,37,303 குழந்தைகளின் பதிவேடுகள் ஆராயப்பட்டு, 2002-ல் முடிவு வெளியாயிற்று. தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளிடையே ஆட்டிசம் கூடுதலாக இல்லை. கட்டுரையை எழுதியவர்களுள் பத்துப்பேர் 2004-ல் அதன் கருத்தைத் திரும்பப் பெற்றனர். அக்கட்டுரையில் நேர்மைக் குறைவு இருந்ததும் விசாரணையில் வெளிப்பட்டது. லான்செட் 2010-ல் கட்டுரையையே நீக்கியது. அதே ஆண்டில் வேக்ஃபீல்டு இங்கிலாந்தின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அகற்றப்பட்டார்.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இருவரும் மருத்துவர்களே. இருவரும் சில குழந்தைகளைக் கண்டே தொடங்கினர். புகழ்பெற்ற இதழ் ஒருவரை ஐயுற்றது, மற்றவரின் கட்டுரையை ஏற்று வெளியிட்டது. இறுதியில் ஐயுறப்பட்டவரின் கூற்று நிலைத்தது, அச்சேறியவரின் கூற்று வீழ்ந்தது. பட்டத்தையும் இதழின் பெயரையும் மட்டும் பார்த்திருந்தால் நாம் இரண்டு இடத்திலும் தவறியிருப்போம். பிறர் மீண்டும் மீண்டும் தேடிப் பார்த்தபோது சான்று கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்பதே தீர்ப்பு வழங்கியது. ஐயுறுவதும், சோதிப்பதும், தவறு கண்டால் திருத்துவதும் விஞ்ஞானத்தின் பலவீனம் அல்ல. அதன் உயிர்மூச்சே அதுதான்.

நம் மாநிலத்தில் 2017

இது எங்கோ நடந்த கதை என்று நாம் இருந்துவிட முடியாது. 2017-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதம் நிறைந்தவர் முதல் 15 வயது நிறையாதவர் வரை அனைவருக்கும் பள்ளிகளிலும் மற்ற இடங்களிலும் ஊசி போட ஏற்பாடாயிற்று. அப்போது வாட்ஸ்அப் வழியாகப் பலவித வதந்திகள் பரவின. பெற்றோர் பலர் தயங்கினர். முகாமின் நாள்களை அரசு நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அத்தகைய நேரத்தில் நாம் மேலே கண்ட மூவகை எண்ணங்களும் எவ்வாறு வேலை செய்யும் என்று பார்ப்போம்.

விஞ்ஞானத்தை முடிந்த பாடநூலாகக் கருதுபவள், "அரசு சொல்கிறது, டாக்டர் சொல்கிறார், போட்டுக்கொள்வோம்" என்பாள். செயல் சரியானதே. ஆனால் அதன் அடித்தளம் உறுதியானதன்று. மறுநாள் கைபேசியில், "நான் ஒரு டாக்டர் பேசுகிறேன், இந்த ஊசியைப் போடாதீர்கள்" என்று ஒரு குரல் வந்தால் அவள் கலங்கிப்போவாள். யார் சொன்னார் என்பதை மட்டுமே பார்த்துப் பழகியவளுக்கு, உண்மையான மருத்துவரையும் முகமறியாத குரலையும் பிரித்தறியக் கருவி இல்லை. மேலும், ஊசி போட்ட ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது என்று கேட்டால், "ஆபத்தே இல்லை என்றார்களே!" என்று நம்பிக்கை இழப்பாள். விஞ்ஞானமோ ஆபத்தே இல்லை என்று ஒருபோதும் சொல்லவில்லை. சிலருக்கு இலேசான காய்ச்சலும் தடிப்பும் வரலாம், மிக அரிதாகக் கடும் ஒவ்வாமை ஏற்படலாம், அதற்காகவே மருத்துவப் பணியாளர்கள் அருகில் இருக்கின்றனர் என்றே அது கூறுகிறது.

எல்லாம் அவரவர் கருத்து என்பவள், "போடு என்கிறார் ஒருவர், போடாதே என்கிறார் ஒருவர், விருப்பம்போல் செய்துகொள்ளலாம்" என்பாள். இது பெருந்தன்மையான பேச்சாகத் தோன்றும். ஆனால் 12 குழந்தைகளின் விவரமும் 5,37,303 குழந்தைகளின் விவரமும் தராசில் ஒரே எடை ஆகுமா? அதோடு இது அவள் ஒருத்தியின் விருப்பத்தோடு முடிகிற செயலும் அல்ல. ருபெல்லா ஒரு மாணவியிடமிருந்து வகுப்பறையில் கருவுற்றிருக்கும் ஆசிரியைக்கும், வீட்டில் பிரசவத்துக்கு வந்திருக்கும் அக்காவுக்கும் தொற்றக்கூடும். மாணவி நான்கு நாளில் குணமாகிப் பள்ளிக்கு வந்துவிடுவாள். இன்னும் பிறவாத குழந்தையோ, தான் ஏதும் அறியாமலே, கண்ணையோ செவியையோ இழந்து பிறக்கும்.

மூன்றாம் வகையினள் கேள்வி கேட்பாள். "இதை எவ்வாறு கண்டறிந்தார்கள்? எத்தனை பேரிடம் பார்த்தார்கள்? வேறு யாரேனும் சோதித்தார்களா?" என்பாள். அவளும் ஊசி போட்டுக்கொள்வாள். ஆனால் காரணம் அறிந்து போட்டுக்கொள்வாள். தயங்கும் தன் தாய்க்கும் அண்டை வீட்டாருக்கும் பொறுமையாக எடுத்துச் சொல்லவும் அவளால் இயலும்.

ஆய்வுகள் உணர்த்துவன

மாணவர்கள் இவ்வகைச் சர்ச்சைகளில் எவ்வாறு சிந்திக்கிறார்கள் என்பதைக் கல்வியாளர்கள் நேரடியாகவே ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவில் டிராய் சாட்லர் முதலிய மூவர் 2004-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 84 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம், பூமி வெப்பமடைதல் குறித்து ஒன்றுக்கொன்று முரணான இரு அறிக்கைகள் கொடுக்கப்பட்டன. சான்று என்பது எது, விஞ்ஞானக் கருத்து மாறக்கூடியதா, சமுதாயம் விஞ்ஞானத்தைப் பாதிக்கிறதா என்பவற்றில் மாணவர்கள் பலவகையான எண்ணங்கள் உடையவராக இருந்தனர். முரணான சான்றுகளை அவர்கள் எடைபோட்ட விதத்தில் இவ்வெண்ணங்களும், அவர்கள் முன்பே கொண்டிருந்த சொந்த நம்பிக்கைகளும் கலந்திருந்தன. நமக்குப் பிடித்த முடிவைச் சொல்லும் கட்டுரையே நல்ல கட்டுரையாகத் தோன்றுவது மனித இயல்பு. அதை அறிந்து விழிப்போடு இருப்பதே கற்றவளுக்கு அழகு.

மற்றோர் ஆய்வு இன்னும் சிந்திக்க வைப்பது. பெல், லெடர்மன் என்ற இரு கல்வியாளர்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களுமாக 21 பேரை ஆராய்ந்து, 2003-ல் முடிவை வெளியிட்டனர். விஞ்ஞானத்தின் இயல்பு பற்றி மாறுபட்ட எண்ணம் கொண்ட இரு பிரிவினராக அவர்கள் இருந்தனர். எனினும் சர்ச்சைகளில் அவர்கள் எடுத்த முடிவுகள் அவ்வெண்ணங்களின்படி பிரிந்துவிடவில்லை. இரு பிரிவினரும் தங்கள் அறநெறிகளையும், வாழ்வில் போற்றும் மதிப்புகளையும், சமுதாய அக்கறையையும் கொண்டே பெரிதும் முடிவு செய்தனர்.

இதனால் நாம் அறிவது யாது? விஞ்ஞானத்தைச் சரியாகப் புரிந்துகொள்வது சான்றுகளை எடைபோடத் தேவை. ஆனால் அதுமட்டும் போதாது. என்ன நிகழ்கிறது என்பது ஒரு கேள்வி. நாம் என்ன செய்ய வேண்டும் என்பது வேறொரு கேள்வி.

விஞ்ஞானம் மட்டும் விடை தராத கேள்வி

இதற்கும் ருபெல்லா தடுப்பூசியே சான்றாக நிற்கிறது. இன்று பரவலாகப் பயன்படும் ருபெல்லா தடுப்பூசியை உருவாக்கியபோது, 1960-களில் கருக்கலைப்பு செய்யப்பட்ட கருவின் திசுக்களிலிருந்து பெறப்பட்ட உயிரணுக்கள் பயன்படுத்தப்பட்டன. அவ்வுயிரணுக்கள் ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து பெருக்கப்பட்டு வருகின்றன. மனித உயிர் கருவிலேயே புனிதமானது என்று விசுவசிக்கும் கத்தோலிக்கப் பெற்றோர், "இதை நம் பிள்ளைக்குப் போடலாமா?" என்று கேட்டது நியாயமான கேள்வியே. இதற்கு நுண்நோக்கி விடை சொல்லாது.

வத்திக்கானில் உள்ள வாழ்வுக்கான பாப்பிறைக் கழகம் 2005-ல் இதை ஆராய்ந்து வழிகாட்டியது. குற்றமற்ற வழியில் உருவான வேறு ஊசி கிடைக்காதபோது, பிள்ளைகளையும் கருவுற்ற தாய்மாரையும் பெரும் ஆபத்திலிருந்து காக்க இவ்வூசியைப் பயன்படுத்தலாம் என்றது. அதே வேளையில், மாற்று ஊசிகளை உருவாக்குமாறு வலியுறுத்துவது விசுவாசிகளின் கடமை என்றும் கூறியது. 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் கொரோனா தடுப்பூசி பற்றி விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட குறிப்பும் இதே நெறியில் அமைந்தது.

இவ்வழிகாட்டலின் அமைப்பை மாணவியர் கூர்ந்து நோக்க வேண்டும். ருபெல்லா கருவைத் தாக்குமா, ஊசி அதைத் தடுக்குமா என்பவற்றைத் திருச்சபை விஞ்ஞானத்திடம் கேட்டுக்கொண்டது. அவ்வுண்மைகளை முன்வைத்து, எது நன்மை, எது கடமை என்பதை மனச்சான்றின் வெளிச்சத்தில் முடிவு செய்தது. அறநெறியை நிலைநாட்டுவதற்காக விஞ்ஞான உண்மையை மறைக்கவும் இல்லை. விஞ்ஞானம் இருக்கிறதென்று அறநெறியைக் கைவிடவும் இல்லை.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

சர்ச்சைக்குரிய செய்தி எதுவாயினும், அதைப் பிறருக்கு அனுப்புவதற்கு முன் பின்வரும் கேள்விகளை நமக்குள் கேட்டுப் பழகுவோம்.

1. இது நிகழ்ந்ததைப் பற்றிய கூற்றா, அல்லது செய்யத்தக்கதைப் பற்றிய கூற்றா?

2. இதைக் கண்டறிந்தவர் எவ்வாறு கண்டறிந்தார்? எத்தனை பேரிடம்? எதனோடு ஒப்பிட்டு?

3. அவரைச் சாராத வேறு நாட்டினர், வேறு குழுவினர் சோதித்தபோதும் அதே முடிவு கிடைத்ததா?

4. விஞ்ஞானிகளின் வேறுபாடு எதைப் பற்றியது? பலமுறை சோதித்து உறுதியான பகுதியைப் பற்றியதா, இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கும் பகுதியைப் பற்றியதா?

5. இதை நான் நம்ப விரும்புவது சான்றுக்காகவா, எனக்குப் பிடித்திருப்பதற்காகவா?

6. என் முடிவால் நன்மையோ தீமையோ அடையப்போகிறவர் யார்? அவர்களுள் பேச வாயில்லாதவர் உண்டா?

வகுப்பில் இருவர் இருவராக அமர்ந்து, அண்மையில் நாளிதழில் வந்த ஒரு சர்ச்சையை எடுத்துக்கொண்டு இவ்வாறு கேள்விகளுக்கும் விடை எழுதிப் பார்க்கலாம். எதிர்ப்பக்கத்தாரின் வாதத்தை, அவர்களே "ஆம், இதைத்தான் சொன்னோம்" என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதுவது மிகச் சிறந்த பயிற்சி. வீட்டில் பெற்றோரும் இதில் பங்குகொள்ளலாம். "பெரியவர்கள் சொன்னால் கேள்" என்று முடித்துவிடாமல், "ஏன் என்று சேர்ந்து பார்ப்போம்" என்று அவர்கள் கூறினால், பிள்ளைகளின் கேள்வி அடங்காப்பிடாரித்தனம் ஆகாமல் அறிவுத் தேடலாக மலரும்.

முடிவுரை

விஞ்ஞானத்தைத் தெய்வமாக வணங்க வேண்டாம். வீண்பேச்சென்று எள்ளவும் வேண்டாம். அது தவறக்கூடிய மனிதர்கள், ஒருவர் தவற்றை ஒருவர் திருத்தி, உண்மையை நோக்கிப் பொறுமையாக நடக்கும் நடை. அதை அவ்வாறே அறிந்தவள், ஒரு கருத்து மாறியதும் கலங்கமாட்டாள். ஓர் உரத்த குரலைக் கேட்டதும் மயங்கவுமாட்டாள்.

நம்முள் சிலர் மருத்துவர்களாகவும் செவிலியராகவும் ஆசிரியைகளாகவும் ஆகலாம். சிலர் இறையழைத்தலை ஏற்றுத் துறவறம் பூணலாம். பலர் அன்னையராக ஆவோம். எந்த நிலையில் இருப்பினும், ஒருநாள் நம்மை நம்பியிருக்கும் ஒரு சிறு உயிருக்காக நாம் முடிவெடுக்க வேண்டி வரும். அந்நாளில் சான்றை எடைபோடும் அறிவும், நன்மையைத் தேரும் மனச்சான்றும் நம்மிடம் சேர்ந்து இருக்குமாறு இப்போதே பழகிக்கொள்வோம். இரண்டையும் நமக்கு அருளிய இறைவன் நம் முயற்சிக்குத் துணைபுரிவாராக!